கள்ளச் சாவியும் கணினிப் பட்டமும்

“அண்ணே! பத்தாயிரம் ரூபாய் புரட்டியாக வேண்டும். நீங்கள்தான் ஒரு வழி சொல்லணும்.”

தை பிறந்த நேரம். நாகல் நகர்ப் படிப்பகத்து விசுப்பலகையில் அமர்ந்து ஏடு படித்துக்கொண்டிருந்த மாலை வேளையில் வந்து நின்றார் அந்தத் தோழர். பூட்டுத் தொழிலாளி. முப்பது ஆண்டாக அரம் பிடித்துக் காய்த்துப்போன கை. கூட்டம் என்றால் கொடிக்கம்பம் நடுவதற்கு முதலில் வருகிற கை. அந்தக் கை இன்று கடன் கேட்டு நீள்கிறதே, வீட்டில் யாருக்கேனும் உடல் நலமில்லையோ என்று பதறிவிட்டேன்.

நோயுமில்லை, நொடியுமில்லை. மகள் எம்.சி.ஏ. படிக்கிறாள். கடைசிப் பருவம். ‘புராஜெக்ட்’ முடித்துக் கொடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் பத்தாயிரம்.

“கல்லூரியில் கட்டச் சொன்னார்களா?”

“இல்லண்ணே. கடையில் கொடுக்கணும்.”

“கடையிலா? புராஜெக்ட் கடையில் விற்கிறதா?”

“ஆமண்ணே. பணம் கட்டினால் எல்லாம் செய்து, அச்சடித்து, பைண்டு போட்டு, பரீட்சைக்கு வருகிறவர் கேட்டால் என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் பல பேர் அங்கேதான் வாங்குகிறார்களாம்.”

“என்ன புராஜெக்ட்?”

“ஏதோ ஆஸ்பத்திரி நிர்வாகம் என்றாள்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

தோழர் தலையைச் சொறிந்தார். “அது எந்த ஆஸ்பத்திரியும் இல்லையாம் அண்ணே!”

சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சு கனத்தது. நோயாளி இல்லாத மருத்துவமனை! மருத்துவர் இல்லாத மருத்துவமனை! கட்டிலும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால், அதை நிர்வகிக்க ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க ஒரு பாட்டாளி எத்தனை நாள் இரும்பை ராவ வேண்டும்!

தோழர்களே! நம்மில் பலருக்கு இந்தப் புராஜெக்ட் என்பது என்னவென்றே தெரியாது. தெரியாதது குற்றமல்ல. நம் தகப்பன்மார் காலத்தில் நமக்குக் கல்லூரி வாசலே தெரியாது. ஆனால், பிள்ளையைப் படிக்க வைக்கிறவன் அந்தப் படிப்பின் கடைசிப் படி எது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

எம்.சி.ஏ. என்பது கணினிப் பயன்பாட்டியலில் முதுநிலைப் பட்டம். முன்பு மூன்று ஆண்டுப் படிப்பாக இருந்தது. 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டாண்டின் கடைசிப் பருவத்தில் வகுப்பறைப் பாடம் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். மாணவர் ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே உள்ளவர்களுக்கு என்ன தொல்லை, எந்தக் கணக்கு இடிக்கிறது, எந்த வேலை தேங்குகிறது என்று கேட்டறிய வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதியதைப் படமாக வரைய வேண்டும். எந்தத் தகவலை எங்கே வைப்பது என்று பகுத்துக்கொண்டு, பிறகுதான் நிரல் எழுத வேண்டும். எழுதியதை அந்த மக்களிடமே கொடுத்து, “ஓட்டிப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும். அவர்கள் திட்டுவார்கள். திருத்த வேண்டும். மீண்டும் திட்டுவார்கள். மீண்டும் திருத்த வேண்டும். கடைசியில் அறிக்கை எழுதி, வழிகாட்டும் ஆசிரியர் முன்னும் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னும் நின்று, “இதை நான் இப்படிச் செய்தேன், இதனால் செய்தேன்” என்று வாய்மொழியாக நிறுவ வேண்டும்.

கொல்லன் பட்டறையில் சேர்ந்த பையனிடம் பல காலம் துருத்தி ஊதச் சொல்லிவிட்டு, ஒரு நாள், “இந்தா இரும்பு, அரிவாள் அடி” என்பார்களே, அந்த நாள்தான் இது. அன்றைக்குப் போய்ச் சந்தையில் ஓர் அரிவாளை வாங்கி வந்து, “நான் அடித்தது” என்று நீட்டினால்?

அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள் அந்தக் கடைக்காரர்கள். ஒரே ஆஸ்பத்திரியை ஒன்பது கல்லூரிக்கு விற்கிறார்கள். பெயர்ப்பலகை மாறும், அட்டையின் நிறம் மாறும், உள்ளே ஓடுவது ஒன்றே. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி வகுத்திருக்கிறது. முதுநிலை ஆய்வேடுகளுக்கும் அது பொருந்தும். பிறர் எழுத்து 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுதித் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இப்படிச் சட்டம் சொல்கிறது. கடைக்காரன், “அதையும் தாண்டிக் கொடுப்போம்” என்கிறான்! இப்போது அவன் கையில் புதிய கருவியும் இருக்கிறது. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலான இயந்திரங்கள், கேட்டால் நிரலை நிமிடத்தில் எழுதித் தருகின்றன. அந்தக் கருவியை நான் பழிக்க மாட்டேன். உளி வந்தபோது நகத்தால்தான் கீறுவேன் என்று எவனும் சொன்னதில்லை. ஆனால், உளியை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கருவியைக் கடைக்காரன் பிடிக்கிறான், கூலியை நம் தோழர் கொடுக்கிறார், பட்டத்தை மகள் வாங்குகிறாள். வேலைவாய்ப்பு நேர்காணலில் போய் உட்கார்ந்தால், “உன் புராஜெக்டைப் பற்றிச் சொல்” என்பதுதானே வழக்கமாக எழும் கேள்வி? அப்போது யார் வந்து பதில் சொல்வார்?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. ஓர் ஆசிரியர் தலையில் எத்தனை பிள்ளைகளைக் கட்டுவது? தலைப்பைக்கூட நிதானமாகப் படிக்க நேரமில்லாதபடி அவரை ஓட்டினால், அட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? “பெரிய கம்பெனியில் செய்ததாகக் கடிதம் கொண்டு வா” என்று வற்புறுத்துகிற இடங்களும் உண்டு. நம் பூட்டுத் தொழிலாளிக்கு எந்தக் கம்பெனியில் மாமன் மச்சான் இருக்கிறான்? செல்வர் வீட்டுப் பிள்ளை சென்னைக்கும் பெங்களூருக்கும் பயிற்சிக்குப் போகிறது. இல்லாதவன் வீட்டுப் பிள்ளை கடைக்குப் போகிறது. இந்த வேற்றுமையை மறைத்துவிட்டு ஒழுக்கம் பேசுவது நமக்கு வழக்கமில்லை.

என்றாலும், தோழரிடம் சொன்னேன்: “பத்தாயிரம் நான் தேடித் தருவது பெரிதல்ல. உங்கள் மகள் அந்த இருக்கைக்கு எப்படி வந்தாள் தெரியுமா?”

1928-இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை, 1950-இல் உயர் நீதிமன்றத்திலும் 1951-இல் உச்ச நீதிமன்றத்திலும் வெட்டுண்டு வீழ்ந்தது. தமிழகம் கொதித்தது. பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார். அதே 1951-இல் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு எத்தனை படிகள்! தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வை ஒழிக்கக் கலைஞர் அரசு 2006-இல் சட்டம் செய்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. நம் தோழரின் மகள் பி.எஸ்சி. படித்தபோது அந்த 1000 ரூபாயில்தான் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஈடு கட்டினாள். எம்.சி.ஏ.வுக்குப் பொது நுழைவுத் தேர்வு இன்னும் இருக்கிறது. அதையும் எழுதித்தான் உள்ளே போனாள். போராடிப் பெற்ற இருக்கை. அதில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் வேலையைத் தன் பெயரில் காட்டினால், “இவர்களுக்கெல்லாம் எதற்குப் படிப்பு?” என்று கேட்கக் காத்திருக்கிறதே ஒரு கூட்டம், அதன் வாய்க்கு நாமே அவல் கொடுத்ததாகாதா?

மறுநாள் மகளையும் அழைத்து வந்தார். கூச்சத்தோடு நின்றாள்.

“பெரியப்பா, எனக்கும் சொந்தமாகச் செய்ய ஆசைதான். ஆனால், எதைப் பற்றிச் செய்வது? எனக்கு எந்த ஆபீசும் தெரியாது.”

“உங்கப்பா பட்டறை தெரியுமல்லவா?”

அவள் விழித்தாள். நான் தோழரைக் கேட்டேன்: “போன வாரம் எத்தனை பூட்டு ஒப்படைத்தீர்கள்? எவ்வளவு வரவேண்டும்? முன்பணத்தில் எவ்வளவு கழித்தார்கள்?”

தோழருக்குப் பூட்டின் எண்ணிக்கை விரல் நுனியில் இருந்தது. கூலியும் தெரிந்தது. முன்பணம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டபோதுதான் குரல் இறங்கியது. “அது முதலாளி நோட்டில் இருக்குண்ணே.”

முதலாளி நோட்டு! அந்த நோட்டைத் தொழிலாளி தொட முடியாது. திருமணத்துக்கு வாங்கியது, மருத்துவத்துக்கு வாங்கியது, தீபாவளிக்கு வாங்கியது என எல்லாம் அதில் இருக்கும். வாரா வாரம் கழிப்பார்கள். எப்போது தீரும் என்பது எழுதுகிறவருக்கு மட்டுமே தெரியும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கை தட்டினோம். அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் பல மூடிக் கிடப்பதும் உண்மை. மிஞ்சிய பட்டறையில் மிஞ்சிய தொழிலாளியின் கணக்கு, அவன் கைக்கு எட்டாத நோட்டில் கிடப்பதும் உண்மை.

“இந்தக் கணக்கை உங்கப்பா கைபேசியில் தமிழில் வரவைக்க முடியுமா, தாயீ?” என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “முடியும் பெரியப்பா” என்றாள்.

பக்கத்தில் இருந்த இளந்தோழர் ஒருவர் சீறினார். “என்னண்ணே இது! பூட்டுக்காரர் மகள் பூட்டைப் பற்றியே செய்வதா? குலக்கல்வியை எதிர்த்த இயக்கமா இப்படிப் பேசுவது?”

நல்ல கேள்வி! 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? தொடக்கப் பள்ளிப் பிள்ளை மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும். மீதிப் பொழுது தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. சிரைப்பவன் மகன் சிரைக்கவும், வெளுப்பவன் மகள் வெளுக்கவும் வழி செய்த அந்தத் திட்டத்தை எதிர்த்து நாடு கிளர்ந்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது குழிக்குப் போனது. அண்மையில், 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘விஸ்வகர்மா’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. பரம்பரைத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்கச் சொல்லி, அந்த வடிவில் அதை ஏற்க முடியாது என்று 2024-இல் தமிழ்நாடு அரசு எழுதியது. அதே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நான் குலக்கல்விக்கு வக்காலத்து வாங்குவேனா?

இளந்தோழருக்குச் சொன்னேன்: அன்று பள்ளியிலிருந்து பிள்ளையை இழுத்துப் பட்டறைக்குள் தள்ளினார்கள். இன்று முதுநிலைப் பட்டம்வரை படித்த பெண், பட்டறையின் கணக்கைச் சோதிக்கத் தானே திரும்பி வருகிறாள். அன்று கொடுத்தது சுத்தியல். இன்று அவள் கேட்பது நோட்டு! அந்த நோட்டைத் திறப்பது எந்தக் குலத்துக்கு விதித்த தொழில், சொல்லுங்கள் பார்ப்போம்? நாளைக்கு அவள் கப்பல் கம்பெனிக்குக் கணக்கு எழுதட்டும், வானிலைக்கு நிரல் எழுதட்டும். முதலில் தனக்குத் தெரிந்த மண்ணில் நின்று ஒன்றைச் செய்து பழகுகிறாள், அவ்வளவே. இளந்தோழர் முழுதும் ஒப்பவில்லை. “பார்க்கலாம்” என்று எழுந்து போனார். போகட்டும், கேள்வி கேட்கிற பிள்ளைகள் இருப்பதுதான் நமக்குப் பலம்.

வேலை தொடங்கியது. அதைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் நான்கு பட்டியல் போட்டாள். தொழிலாளி ஒரு பட்டியல். பூட்டு வகையும் கூலியும் ஒரு பட்டியல். யார் எந்த நாளில் எத்தனை ஒப்படைத்தார் என்பது ஒரு பட்டியல். முன்பணம் ஒரு பட்டியல். பார்க்க அழகாக இருந்தது. பட்டறைக்கு எடுத்துப்போனாள். முதல் நாளே கவிழ்ந்தது. ஏன்? ஒரு பூட்டை ஒருவரே செய்வதில்லை! ஒருவர் தகடு வெட்டுகிறார், ஒருவர் லீவர் பொருத்துகிறார், ஒருவர் சாவி ராவுகிறார். இவள் பட்டியலில் ஒரு பூட்டுக்கு ஓர் ஆள்தான் இருந்தார். ஆஸ்பத்திரி விற்கும் கடைக்காரனுக்கு இது எந்தப் பிறவியில் தெரியும்? ‘வேலைப் பகுதி’ என்று ஐந்தாவது பட்டியல் ஒன்று சேர்த்து, எல்லாவற்றையும் மறுபடி கட்டினாள்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. மாசியில் ஒரு வகைப் பூட்டுக்குக் கூலி 2 ரூபாய் ஏறியது. அவள் கூலிப் பட்டியலில் தொகையை மாற்றினாள். மாலையில் தோழர் கைபேசியைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: “கூலி ஏறியது மாசியில். தை மாதக் கணக்கும் ஏறி நிற்கிறதே, அது எப்படி?” மகள் திகைத்துப் போனாள். கூலியைப் பூட்டு வகையோடு மட்டும் எழுதி வைத்திருந்தாள். அங்கே ஓர் எண்ணை மாற்றினால், பழைய வரிகள் எல்லாம் புதிய கூலியில் பெருக்கிக்கொண்டுவிட்டன! ஒப்படைத்த நாளின் கூலியை அந்த நாளின் வரியிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டாள். இரண்டாண்டு வகுப்பில் தரவுத்தளப் பாடம் படித்தவளுக்கு, எட்டாம் வகுப்போடு நின்ற தகப்பன் காட்டிய பிழை அது. தனக்கு லாபமாக வந்த பிழையைத் தானே காட்டினாரே, அதையும் கவனியுங்கள்.

தகப்பன் ஒரு பூட்டைத் திறந்து காட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உள்ளே லீவர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சாவி திரும்பும்போது ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று மயிரிழை குறைந்தாலும், மயிரிழை மிஞ்சினாலும் தாழ் நகராது. “கள்ளச் சாவி போடுகிறவன் வெளிவடிவத்தைப் பார்த்துச் செய்வான் தாயீ. உள்ளே எந்த லீவர் எவ்வளவு நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது” என்றார். கடையில் வாங்கிய புராஜெக்டைப் பற்றி நான் எழுத நினைத்ததை அவர் பூட்டைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார்.

தமிழில் வரவைப்பதும் லேசான காரியமல்ல. திரையில் ஒழுங்காகத் தெரிந்த எழுத்து, அச்சுக்குப் போனபோது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறியது. இந்தத் தொல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று தமிழ் சிதறிக் கிடந்த காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாட்டைக் கூட்டினார் கலைஞர். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அமெரிக்கா என்று உலகத் தமிழ் வல்லுநர்கள் உட்கார்ந்து பேசியதில் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. 2010-இல் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. அதனால்தான் இன்று அவள் எழுதும் ‘முன்பணம்’ என்னும் சொல், யார் கைபேசியில் திறந்தாலும் ‘முன்பணம்’ என்றே தெரிகிறது. இத்தனைக்குப் பிறகும், அறிக்கையை ஆங்கிலத்தில்தான் தர வேண்டுமாம். தமிழில் ஒரு பிரதி சேர்த்துக் கொடுத்தால் வானம் இடிந்தா விழும்?

உலகில் பெரிய காரியங்கள் பலவும் இப்படித்தான் தொடங்கின. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் தம் வீட்டுக் கணினிக்காகவே ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் என்று பெயர் பெற்ற அதைப் பற்றியே பிறகு தம் முதுநிலை ஆய்வேட்டையும் எழுதினார். நம் தோழர் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளம் அந்த லினக்ஸ்தான். எந்தக் கடையிலும் அவர் அதை வாங்கவில்லை!

நம் மாவட்டத்தில் வேலைக்குப் பஞ்சமா? ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் விலை காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று. நிலக்கோட்டைப் பூ அதைவிட வேகமாக வாடும், விலையும் வாடும். வேடசந்தூர் நூற்பாலைப் பெண்களின் மிகைநேர வேலையை யார் எழுதி வைக்கிறார்கள்? தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல்லின் பெயரும் அந்த வழக்கில் உண்டு. கிணற்று நீரின் உப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறியதா, இறங்கியதா என்று ஊராருக்குத் தமிழில் காட்ட ஒரு மாணவன் போதும். நலவாரியப் பதிவு இணையத்துக்குப் போய்விட்டது. அந்தப் படிவத்தின் முன்னால் நம் தொழிலாளி கை கட்டி நிற்கிறான்.

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. அங்கே 1956-இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அவர்கள் கொள்கையோடு நமக்குப் பெரிய வழக்கு உண்டு. ஆதாரக் கல்வி என்று அவர்கள் பேசியதை நாம் ஐயத்தோடு பார்த்தோம், இப்போதும் பார்க்கிறோம். ஆனால், மாணவர்களைக் கிராமத்தில் போய்த் தங்கச் செய்யும் வழக்கத்தை அவர்கள் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கென்ன தயக்கம்? மற்றக் கல்லூரிகளும் புராஜெக்ட் பருவத்தில் பிள்ளைகளைச் சந்தைக்கும் சங்கத்துக்கும் அனுப்பட்டும். நம் பங்குக்குப் படிப்பகங்களில் ஒரு மேசையும் மின்இணைப்பும் கொடுப்போம். தொழிற்சங்கச் செயலாளர்கள், “பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?” என்று விரட்டாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்லட்டும். நாகல் நகரில் மேசை போட்டாயிற்று.

சித்திரை வெயிலில் வாய்மொழித் தேர்வு. தோழர் பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கல்லூரி வாசலில் வேப்பமர நிழலில் நின்றார். வெளியூர்த் தேர்வாளர் ஏட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாராம்: “கூலித் தொகையை இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறாயே, இது வீண் அல்லவா?” அவள் மாசி மாதக் கதையைச் சொன்னாளாம். பத்து நிமிடத்துக்கு வைத்த தேர்வு அரை மணி நேரம் நீண்டதாம். அவளுக்கு வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறாள். நிரலிலும் ஒரு குறை பாக்கி. பாதியில் திருப்பி அனுப்பப்படும் பூட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது இன்னும் தீரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூலி நாள். கணக்கப்பிள்ளை நோட்டை விரித்து, முன்பண பாக்கியைப் படித்தார். தோழர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து விரித்தார். 340 ரூபாய் வித்தியாசம். கணக்கப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டத் தொடங்கினார். வரிசையில் பின்னால் நின்ற நான்கு பேர், “அதை எங்களுக்கும் போட்டுத் தரச் சொல்லு” என்றார்கள்.